நிற்கிற செடியை வெட்டிப் பார்த்த நாள்

நர்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “அக்கா, இளசா இருக்கறப்பவே நட்டாத்தானே சீக்கிரம் வேர் புடிக்கும்? நீங்க ஏன் முத்தட்டும், முத்தட்டும்னே சொல்றீங்க?”

கேட்டது நியாயம்தான். நல்ல மண்ணில் அவள் சொல்வதே சரி. வாடல் நோய் குடியிருக்கிற மண்ணில் அது செல்லாது. ஏன் செல்லாது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்க எனக்கு வராது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது தோட்டத்து நர்சரியை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நான். தேயிலைக் குச்சிகளைக் கறுப்புப் பைகளில் ஊன்றி, வேர் விட்டதும் மலைக்கு அனுப்புவதுதான் என் வேலை. தக்காளிக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. அது வந்து சேர்ந்த கதை இது.

எங்கள் தோட்டத்தில் வயதாகி வேலையை விட்டு நிற்பவர்கள் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். பிறந்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த வீட்டில்தான். வெளியே அவர்களுக்கு ஓர் ஓலைக்குடிசைகூட இருக்காது. எங்கள் மானேஜர் ஈப்போவில் படித்த தமிழர். தமிழராக இருந்தாலும் எல்லோருக்கும் அவர் துரைதான். கண்டிப்பானவர். ஆனால் இந்த ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். தோட்டத்தின் அடிவாரத்தில் ஓடையை ஒட்டி ஒரு சரிவு சும்மா கிடந்தது. ஈரம் தங்குகிற மண், அதில் தேயிலை தேறாது. ஓய்வு பெற்ற ஏழெட்டுக் குடும்பங்கள் அங்கே தக்காளி பயிரிடட்டும், பதிலுக்குப் பழைய லைனிலேயே இருந்துகொள்ளட்டும் என்று கம்பெனி மேலிடத்தில் வாதாடி அனுமதி வாங்கிவிட்டார். மேலிடம் ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு வருஷம் பார்ப்பார்கள். பயிர் நிலைக்காவிட்டால் அந்தச் சரிவில் ஆலை விறகுக்கு யூக்கலிப்டஸ் வைத்துவிடுவார்கள். குடும்பங்கள் வெளியேற வேண்டியதுதான்.

நாற்று வளர்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் நடவு கண்ணுக்கு அழகாக இருந்தது. பச்சைப் பசேலென்று இளம் நாற்றுகள். நட்டுச் சில வாரங்களில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள் மத்தியானம் அஞ்சலை நர்சரிக்கு ஓடி வந்தாள். அஞ்சலையும் அவள் புருஷன் பெருமாளும் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவள் கொழுந்து பறித்தவள். அவர் ஆலையில் கொழுந்தை வாட்டும் மாடியில் காலமெல்லாம் வேலை செய்தவர்.

“லூர்தம்மா, வந்து பாரு. செடியெல்லாம் மயங்கிக் கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை, பச்சை நிறம் அப்படியே இருந்தது. ஆனால் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கிக் கிடந்தன. சாயங்காலம் குளிர்ந்ததும் எழுந்து நின்றன. எல்லோரும் கோழி எருவின் சூடு என்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் மறுபடி தொங்கின. அதன் பிறகு எழவில்லை. பெருமாள் பாத்தியிலிருந்து பக்கத்துப் பாத்திக்கு, அங்கிருந்து அதற்குக் கீழே என்று தண்ணீர் ஓடிய வழியெல்லாம் சாவு நடந்தது.

பெருமாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “காலமெல்லாம் நா எலய வாட்டுனேன். இப்ப அது என்னைய வாட்டுது” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சாவுக்கு நடுவில் ஒரு வரிசை மட்டும் நின்றது. என் நாற்று வரும்வரை பொறுக்காமல், கியா பார்ம் என்ற ஊரில் ஒரு விவசாயியிடமிருந்து தகர டின்னில் வளர்ந்த பெரிய செடிகளாகப் பெருமாள் வாங்கிவந்து ஓரமாக வைத்திருந்தார். அதே மண், அதே தண்ணீர், அதே எரு. இளசுகள் சரிந்த இடத்தில் அவை பூ எடுத்து நின்றன.

தானா ராத்தா டவுனிலிருந்து விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். இளம் வயது மலாய்க்காரர். ஒரு கண்ணாடிக் குவளையில் சுத்தமான தண்ணீர் கேட்டார். செத்த செடியின் தண்டை அடியில் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல், பாலைச் சொட்டியதுபோல், மெல்ல இறங்கியது.

“பாக்டீரியா, காக். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. வேர் வழியாக ஏறி, தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். ஊபாட் தாடா” என்றார். காக் என்றால் அக்கா; ஊபாட் தாடா என்றால் மருந்து கிடையாது.

நான் அந்த நின்ற வரிசையைக் காட்டினேன். அவர் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தார். சில செடிகளுக்கு வயது ஏற ஏறத் தண்டு இறுகும், உள்ளே நுழையும் கிருமியைத் தடுக்கிற சக்தியும் கூடும், தக்காளியிலும் அப்படிப் பார்த்திருக்கிறேன் என்றார்.

“அப்படின்னா எவ்வளவு முத்துன பொறவு நட்டா தாங்கும்?” என்று மலாயில் கேட்டேன்.

“இந்த மண்ணில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் அதுவும் தெரியாது” என்றார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிற்பாடு யோசித்தேன். பொய்யாக ஒரு கணக்கைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நட்டிருப்பேன். தெரியாது என்று அவர் சொன்னதால்தான் ஒவ்வொரு நாளும் செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நாற்று நர்சரியில் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் தடவை எந்தப் பருவத்தில் அனுப்பினோமோ அந்தப் பருவத்தை எட்டியபோது துரை மோட்டாரில் வந்து இறங்கினார்.

“லூர்து, நாளைக்கு எல்லாத்தையும் எறக்கி நட்டுடு. மேலிடத்து ஆளுங்க வர்றாங்க.”

“இது இன்னும் இளசு, துரை.”

“போன தடவையும் இதே சைஸ்லதானே குடுத்த?”

“அதனாலதான் சொல்றேன்.”

அவர் முகம் சிவந்தது. “அவங்க வந்து வெறும் மண்ண பாத்துட்டுப் போகணுமா? பயிர் எங்கன்னு கேட்டா நா என்ன பதில் சொல்றது?”

“நாளைக்கு நட்டா வர்ற அன்னைக்குப் பச்சையா இருக்கும். அவங்க ஏறி வந்த காடி மலை எறங்கறதுக்குள்ள படுத்துரும். மூணாவது தடவ நட இந்தக் குடும்பங்களுக்குத் தெம்பு கெடையாது, துரை.”

“முத்துனா தாங்கும்னு யார் சொன்னது? அந்த ஆபீசரே தெரியாதுன்னுட்டாரு.”

“ஆமா. எனக்கும் நிச்சயமாத் தெரியாது. இளசு தாங்காதுங்கறது மட்டும் தெரியும். கண்ணால பாத்துட்டோம்.”

சுற்றிலும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மண்டோர் துரையிடம் எதிர்த்துப் பேசுவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரே வார்த்தை: “ஒன் பொறுப்பு.”

அன்றே நாற்றுகளைப் பாத்தியிலிருந்து எடுத்து, தேயிலைக் குச்சிக்கு வைத்திருந்த கறுப்புப் பைகளுக்கு மாற்றினோம். பைகளுக்கு மண்ணைச் சரிவிலிருந்து எடுக்கவில்லை. மலை உச்சியில், எந்தத் தண்ணீரும் வந்து சேராத இடத்திலிருந்து சுமந்து வந்தோம். கீழே பெருமாளும் மற்றவர்களும் சங்கோலால், அதாவது மண்வெட்டியால், வெட்டி வரப்பை உயர்த்தி, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கலக்காமல் தனித்தனியாகக் கான் என்கிற வடிகால் தோண்டினார்கள்.

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். வெறும் மண்ணைத்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஷூவால் மண்ணைத் தள்ளிப் பார்த்து, “இதுவா உங்கள் தக்காளித் தோட்டம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். துரை என்னை நோக்கிக் கையைக் காட்டுவார் என்று நான் நினைத்தேன். அவர் காட்டவில்லை. “நாற்று தயாராகவில்லை. தயாராகாமல் நட வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன்” என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷ முடிவில் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

இனி நாற்று சரிந்தால் அது என்னோடு நிற்காது, அவரையும் கீழே தள்ளும். தினமும் தண்டை விரலால் உருட்டிப் பார்ப்பேன். அதிகம் காத்தாலும் ஆபத்து. பைக்குள் வேர் சுருண்டு, செடி குட்டையாகி, கிழடு தட்டிவிடும். தண்டு இறுகி, முதல் மொட்டு தலைகாட்டிய சமயத்தில், “போலாம்” என்று சொன்னேன்.

நட்ட பிறகு வந்த மத்தியான வெயில்களை நான் மறக்க மாட்டேன். வெயில் ஏறினால் நர்சரியில் கால் நிற்காது. சரிவின் மேல் நின்று கீழே பார்ப்பேன். ஒன்றிரண்டு தொங்கும். உடனே மண்ணோடு பிடுங்கி எரித்துவிடுவார்கள். மற்றவை நின்றன. மழை வந்தது, வெயில் வந்தது, அப்போதும் நின்றன. காய் பிடித்தது. அஞ்சலை பாத்தி ஓரத்தில் நின்று பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டேன்.

இதோடு கதையை முடித்தால் நீங்கள் ‘முத்தினதை நட்டால் போதும்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். அதுதான் ஆபத்து. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

காய் பிடித்ததைப் பார்த்த துரை, சரிவுக்கு மேலே புதிதாக ஒரு படிக்கட்டு நிலம் வெட்டிக் கொடுத்தார். யாரும் எதுவும் பயிரிடாத சுத்தமான மண். ஓடைத் தண்ணீர் எட்டாத உயரம். அதிலிருந்து வடிகிற தண்ணீர் மட்டும் கீழே எல்லாப் பாத்திக்கும் போகும். அங்கே எதை நடுவது என்று பேச்சு வந்தபோது, எல்லோர் கண்ணும் பெருமாளின் அந்தப் பழைய வரிசை மேல் போனது. இரண்டு மழையைத் தாங்கிய செடிகள். பக்கக் கிளையைக் கிள்ளி ஈர மண்ணில் ஊன்றினாலே தக்காளி வேர் விடும்.

“அந்தச் செடிக்கு நோயே அண்டாது லா. அதுலேருந்து ஒடிச்சு வெச்சா மேல பூரா அதே சாதி” என்று பெருமாள் மார்தட்டிச் சொன்னார். மற்றக் குடும்பத்தார் ஆளுக்கு இத்தனை கிளை என்று கேட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்கள். ஆயுளில் முதல் தடவையாக அந்த மனுஷனிடம் நாலு பேர் வந்து கேட்டு நிற்கிறார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. சுற்றியிருந்த இளசையெல்லாம் கொன்ற கிருமி அந்த வேர்களை மட்டும் தொடாமலா போயிருக்கும்? தொட்டும் நிற்கிறது என்றால், உள்ளே இருப்பதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்றுதானே பொருள்? அப்படியானால் ஒடித்து நடுகிற ஒவ்வொரு கிளையிலும் நோயை மேலே ஏற்றுகிறோம்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் பெருமாள் பாத்தியில் கூடியிருந்தார்கள். குவளையில் தண்ணீரோடும் ஒரு கத்தியோடும் போனேன்.

“பெருமாளண்ணே, ஒரு செடிய வெட்டிப் பாக்கணும்.”

“எத?”

நன்றாகக் காய்த்திருந்த ஒன்றைக் காட்டினேன். வாடிய ஒன்றை வெட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“என்னம்மா பேசற நீ? செத்தத வெட்டிப் பாத்தாங்க, சரி. நிக்கறத எதுக்கு வெட்டணும்? எங்க பாத்தியில மிஞ்சுனதே இதுதானே.”

“மேல கொண்டு போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்ணே. தப்பாப் போனா கீழ இருக்கறதும் சேந்து போயிரும்.”

“ஒன்னும் இல்லேன்னா? காயோட செடி போச்சே, நீ திருப்பித் தருவியா?”

கூட்டத்தில் ஒருவர், “மண்டோரம்மாவுக்கு அவரு செடி ஒசத்தியாயிருச்சேன்னு வயித்தெரிச்சல்” என்றார். அது முகத்தில் அறைந்தது. பெருமாள் கத்தியை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, அவரே வெட்டினார். காய்கள் மண்ணில் உருண்டன.

தண்டைத் தண்ணீரில் படும்படி பிடித்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. காத்திருந்தோம். அப்போதும் தெளிவாகவே இருந்தது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெருமாள், “பாத்துக்கிட்டியா?” என்று சொல்லி வாய் மூடவில்லை, அஞ்சலை, “அய்யோ” என்றாள்.

வெட்டுவாயின் ஒரு ஓரத்திலிருந்து மெல்லியதாக ஒரு வெள்ளை நூல் இறங்கிக்கொண்டிருந்தது. செத்த செடியில் வந்ததைவிடக் குறைவு. ஆனால் அதேதான். பச்சைப் பசேலென்று காய்த்து நின்ற செடிக்குள் அதுவே இருந்தது.

தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு செடியில் தெரியாதது அடுத்ததில் இருக்கலாம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் சொல்லியிருப்பேனா என்பதற்கு என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அஞ்சலையின் முகம் வெளுத்துவிட்டது. “லூர்தம்மா” என்றாள். “நா காலையிலயே ஒரு கூடை கெளய மேல கொண்டு போயி ஊனிட்டேன்.”

யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். எங்கள் மலையில் பிற்பகல் மழையை யாரும் அழைக்க வேண்டியதில்லை. எதிர்ச்சரிவு ஏற்கெனவே மறைந்துவிட்டது. மூடுபனி தேயிலைக்கு மேலாக எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் மேலே ஊன்றிய மண்ணைக் கழுவிக்கொண்டு எல்லாப் பாத்திக்கும் வரும்.

ஏறினோம். அந்த வழுக்குப் பாதையில் அஞ்சலை எல்லோருக்கும் முன்னால் போனாள். மேலே போனதும் நான் கையை நீட்டித் தடுத்து, “யாரும் உள்ள எறங்காதீங்க. ஊனினவங்க மட்டும் போகட்டும். மத்தவங்க சாக்கு விரிங்க” என்று கத்தினேன். எல்லோர் காலிலும் கீழ்ச்சரிவு மண் ஒட்டியிருந்தது. அஞ்சலை கால் கழுவிவிட்டு இறங்கினாள். ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் அழகாக ஒரு குச்சி நட்டு வைத்திருந்தாள், காற்றில் சாயாமல் இருக்க. அதையெல்லாம் சேர்த்து, கையளவு மண்ணோடு தோண்டித் தோண்டிச் சாக்கில் போட்டாள். முதல் துளிகள் விழுந்தன. பெருமாள் சங்கோலை எடுத்து, அவள் ஊன்றிய இடத்துக்குக் கீழே தண்ணீர் ஓடைப்பக்கம் திரும்பும்படி ஒரு கானை வெறிபிடித்தவர்போல் வெட்டினார். கூட்டத்தில் என்னை வயிற்றெரிச்சல் என்றவரும் அவரோடு சேர்ந்து வெட்டினார். கான் முடிவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. அந்தப் பழுப்புத் தண்ணீர் புதுக் கானில் திரும்பி, பாத்திகளை விட்டு விலகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நனைந்து நின்றோம்.

பிடுங்கியது போதுமா என்று அன்று யாருக்கும் தெரியாது. அஞ்சலை ஊன்றிய பகுதியில் அதற்குப் பிறகு தக்காளி வைக்கவே இல்லை, புல் வளரவிட்டோம். மீதிப் படிக்கட்டில் விதையிலிருந்து வளர்த்த நாற்றைத்தான் முத்தவைத்து நட்டோம். கீழே நின்ற செடிகளைப் பிடுங்கச் சொல்லவில்லை. காய்க்கும்வரை காய்க்கட்டும், ஆனால் அங்கே பட்ட கத்தி, கூடை, கால் எதுவும் கழுவாமல் மேலே ஏறக்கூடாது என்று ஏற்பாடு. வருஷ முடிவில் வந்தவர்கள் இரண்டு நிலத்தையும் பார்த்தார்கள். குடும்பங்கள் லைனிலேயே இருந்தன. நான் அங்கிருந்தவரை மேல்நிலத்தில் வாடல் வரவில்லை.

பெருமாள் அந்தப் பழைய பாத்தியில் அடுத்த வருஷம் சோளம் போட்டார். என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை. அது எனக்குப் புரிந்தது. ஊருக்கே கொடுக்கிற பெருமையை ஒரு குவளைத் தண்ணீரில் அவர் இழந்திருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வயது ஒரு செடிக்குத் தாங்கும் சக்தியைத் தரும், அதை நம்புங்கள், அதற்காகக் காத்திருங்கள், மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும் காத்திருங்கள். ஆனால் தாங்குகிற செடியைச் சுத்தமான செடி என்று எண்ணிவிடாதீர்கள். இளஞ்செடி செத்துவிடும், அதனால் நோய் இருப்பது தெரிந்துவிடும். முற்றிய செடி சொல்லாது.

அடுத்த நடவுக்கு முன்னால் அஞ்சலை நர்சரிக்கு வந்தாள். நாற்றைப் பிரித்துக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தேன், எனக்கே அவை முத்தியது போதும் என்று தோன்றியிருந்தது. அவள் ஒரு பையைத் தூக்கி, தண்டை விரலில் வைத்து மெல்ல உருட்டினாள். இன்னொன்றை எடுத்தாள், உருட்டினாள். இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு எழுந்தாள்.

“இன்னும் இளசா இருக்கு லா, லூர்தம்மா. நா அப்பறமா வர்றேன்.”